சரோஜா அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும்

‘சிறகடிக்க ஆசை’ தொடரில் ரோகிணியின் மலேசியா பொய் ஒருவழியாக உடைந்த வாரம் எங்கள் வீட்டில் இரவுச் சமையல் சீக்கிரமே முடிந்துவிடும். மலேசியாவில் பணக்கார அப்பா இருக்கிறார் என்று சொல்லி மனோஜைக் கட்டிக்கொண்டவள் ரோகிணி. அதை நம்பி அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார் மாமியார் விஜயா. இன்னொரு மருமகள் மீனா, பூக்கட்டிப் பிழைக்கும் வீட்டிலிருந்து வந்தவள். அவளை வந்த நாளிலிருந்தே சம்பளமில்லாத வேலைக்காரி போல நடத்தியவரும் இதே விஜயாதான். உண்மை தெரிந்து விஜயா கொதித்தபோது தெரு முழுக்க ரோகிணியைத்தான் திட்டியிருக்கும். எங்கள் வீட்டில் அத்தை மட்டும் வேறு மாதிரி சொன்னார்.

“அவ பொய் சொன்னது தப்புதான். ஆனா பணக்காரின்னு சொன்னாத்தான் இந்த வீட்டுல மரியாதைன்னு அவளுக்குக் காட்டிக் கொடுத்தது யாரு? இந்த விஜயாதானே? மீனாவ நடத்துற லட்சணத்தைப் பாத்தா எவளுக்குத்தான் உண்மையச் சொல்லத் தைரியம் வரும்?”

அத்தை என்றால் என் மாமியார். எண்பதை நெருங்குகிறவர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஒரு பாத்திரத்தின் தப்பை அதன் வேர்வரை போய்ப் பார்க்கிற இந்தக் கண் அவருக்கு எப்போது வந்தது என்று யோசித்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் இதே கூடத்தில் அவர் பேசியது வேறு.

நான் நாகப்பட்டினத்தில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் சென்னைத் தொலைக்காட்சியைவிட இலங்கையின் ரூபவாஹினி தெளிவாக வந்த காலம் ஒன்று இருந்தது. மாடியில் ஒருவர் நின்று ஆண்டெனாவைத் திருப்புவார், கீழே இருந்து “வந்துருச்சு, வந்துருச்சு, விடு” என்று கத்துவோம். பிறகு தூர்தர்ஷன் ஒழுங்காக வர ஆரம்பித்ததும் ஞாயிறு காலை ராமாயணம், மகாபாரதம். இந்தி ஒரு வார்த்தை தெரியாது, கதை முழுக்கத் தெரியும். தமிழ்த் தொடர் என்றால் வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், பெரும்பாலும் 13 வாரம். பாலசந்தரின் ‘ரயில் சிநேகம்’ அப்படி வந்ததுதான். ஒரு வாரம் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டால் அந்தப் பகுதி போனது போனதுதான். பார்த்தவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்த்தவர் கதையோடு தன் தீர்ப்பையும் சேர்த்துத்தான் சொல்வார். ஆனால் கதை முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். எடுத்தவர்களும் முடிவை மனதில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்திருப்பார்கள்.

1993 சித்திரை முதல் நாளில் சன் டிவி வந்தது. வாராந்தரத் தொடராக வந்த ‘மர்மதேசம்’ எங்கள் ஊரைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்க வைத்தது. 1999 கடைசியில் ராதிகாவின் ‘சித்தி’ ஆரம்பித்தது. அதன்பிறகு வாரம் ஒரு நாள் என்ற கணக்கே போய்விட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒரு குடும்பம் நம் கூடத்துக்குள் வந்து உட்காரும் வழக்கம் அதிலிருந்து பிடித்துக்கொண்டது.

எனக்கு 2001இல் கல்யாணமாகித் தஞ்சாவூர் கரந்தைக்கு வந்தேன். அடுத்த வருடம் ‘மெட்டி ஒலி’. திருமுருகன் இயக்கம். மனைவியை இழந்த சிதம்பரமாக டெல்லி குமார், அவருக்கு ஐந்து பெண்கள். அதில் சரோஜாவாகக் காயத்ரி சாஸ்திரி. அவளைக் கட்டிக்கொண்ட மாணிக்கமாகச் சேத்தன். அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை. அந்த அம்மாவாகச் சாந்தி வில்லியம்ஸ். அவர் கண்ணை உருட்டினால் எங்கள் தெருவில் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பார்கள்.

அந்த நாட்களில் அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் கீழே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். திரையில் ஒரு மாமியார் ஒரு மருமகளைக் குத்திக் குத்திப் பேசுவார். பிறந்த வீட்டுக்குப் போக விடமாட்டார். சீர் வரிசையில் குறை சொல்வார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம். அத்தை கொடுமைக்காரர் இல்லை. ஆனால் நான் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்னாலேயே கேட்க வேண்டும். பதில் வர நாளாகும். பொங்கல் சீர் பற்றி ஒரு வார்த்தை நீளும். அதெல்லாம் அன்றைக்கு எல்லா வீட்டிலும் இருந்ததுதான். அதனால்தான் அந்தத் தொடர் அப்படிப் பிடித்தது. எங்களால் ஒருவருக்கொருவர் சொல்ல முடியாததை அது இருவருக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தது.

சரோஜா அழும்போது அத்தையும் அழுவார். அழுது முடித்துவிட்டுச் சொல்வார்: “கொஞ்சம் பொறுத்துக்கிட்டா என்ன? குடும்பம்னா அப்படித்தான். அவனும் ஒருநாள் திருந்துவான்.” எதிர்வீட்டு அக்கா, பால்காரர் வீட்டுப் பெரியம்மா, என் அம்மா, எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். பொறுமையாக இருக்கிறவள் நல்லவள், எதிர்த்துப் பேசுகிறவள் வில்லி. தொடர்களும் அப்படித்தான் எழுதப்பட்டன. பேசத் தெரிந்த பெண்ணுக்குப் பெரிய பொட்டும் கோணல் சிரிப்பும் கொடுத்துவிடுவார்கள்.

2003 நவம்பரில் ‘கோலங்கள்’ வந்தபோது கொஞ்சம் மாற்றம் தெரிந்தது. தேவயானியின் அபி வேலைக்குப் போனாள், பிறகு சொந்தமாகக் கட்டுமானத் தொழில் செய்தாள், மோசமான கணவனை விட்டு விலகினாள். அத்தைக்கு அபியை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவள் பாஸ்கரை விட்டு வந்ததைப் பற்றி மட்டும் பேச மாட்டார். அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். அந்தத் தொடர் ஆறு வருடம், 1500 பகுதிகளுக்கும் மேல் ஓடியது. என் மகள் நடக்கப் பழகியதும் பள்ளிக்கூடம் சேர்ந்ததும் அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே நடந்தது. நடுவில் 2006இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அவரவர் வீட்டிலேயே பார்க்க ஆரம்பித்தார்கள். அது நல்ல காரியம். ஜன்னலுக்கு வெளியே நிற்பது பெருமையான நிலை இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. படப்பிடிப்புகள் நின்றன. புதுப் பகுதிகள் தீர்ந்துபோக, சன் டிவி ‘மெட்டி ஒலி’யை மறுபடி ஒளிபரப்பியது. அதே பகுதிகள், அதே அழுகை, எங்கள் கூடத்தில் அதே பெஞ்சு. கூடுதலாகக் கல்லூரி மூடி வீட்டுக்கு வந்துவிட்ட என் மகள். மாணிக்கத்தின் அம்மா பேசப் பேச அவள் பொறுக்க முடியாமல் கேட்டாள்: “ஏன் பாட்டி, இந்தச் சரோஜா ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்குறா?”

அத்தை சட்டென்று சொன்னார்: “அன்னிக்கே இவ கிளம்பியிருக்கணும்.”

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எங்க கிளம்புறது? கைல காசு கிடையாது. அப்பா வீட்ல இன்னும் பொண்ணுங்க இருக்கு. போலீஸுக்குப் போனா ஊரே சிரிக்கும். பொறுத்துக்கோன்னு சொல்றதத் தவிர எங்களுக்கு வேற என்ன தெரியும்? எனக்கும் அதத்தான் சொன்னாங்க.” அன்றைக்குத்தான் அவர் தன் மாமியாரைப் பற்றி முதன்முறையாகப் பேசினார். கல்யாணமான புதிதில் திருவையாற்றில் இருந்த தன் அப்பாவுக்கு உடம்பு முடியாதபோது போக விடவில்லையாம். பத்து மைல்கூட இல்லாத ஊர். ஐம்பது வருடத்துக்கும் மேலாக உள்ளே வைத்திருந்ததை, ஒரு பழைய தொடரின் இடைவேளையில், விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேத்தியிடம் சொன்னார்.

தொடர்களை மட்டம் தட்டிப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அழுவாச்சி, வேலை வெட்டி இல்லாதவர்கள் பார்ப்பது என்று எத்தனை பேர் எழுதிவிட்டார்கள். பார்க்கிறவர்கள் திரையில் நடப்பதை அப்படியே விழுங்குவதில்லை. தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்தத் தீர்ப்பு வருடத்துக்கு வருடம் மாறுகிறது. தமிழ்நாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை 1989லேயே சட்டமானது. முதல் மகளிர் காவல் நிலையம் சென்னையில் 1992இல் வந்தது. ‘மெட்டி ஒலி’ முடிந்த அதே 2005இல்தான் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. புகுந்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணை விரட்ட முடியாது, அங்கே குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சட்டம் புத்தகத்தில் ஏறினால் போதாது, கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வாயில் வர வேண்டும். அதற்குப் பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது. மகளிர் குழுவில் சேர்ந்தது, பேத்தி படித்தது, டவுன் பஸ்ஸில் ஏறித் தனியாகத் திருவையாறு போய் வந்தது, எல்லாம் சேர்ந்து அத்தையின் தீர்ப்பை மாற்றின.

பிறகு வந்த தொடர்களை நாங்கள் பார்த்த விதமே வேறு. 2020 ஜூலையில் தொடங்கிய ‘பாக்கியலட்சுமி’யில் கணவன் கோபி இரட்டை வாழ்க்கை நடத்தியபோது, பாக்கியாவுக்கு எப்போது தெரியும் என்று பதறியவர் அத்தைதான். தெரிந்த பிறகு அவள் விவாகரத்துக்குச் சம்மதித்து, சமையலையே தொழிலாக்கி எழுந்து நின்றபோது அத்தை எழுந்து போய் தண்ணீர் குடிக்கவில்லை. அபிக்குத் தராத ஆதரவைப் பாக்கியாவுக்குத் தந்தார். மாமனார் ராமமூர்த்தி இறந்து, அவருக்கு இறுதிச் சடங்கை மருமகள் பாக்கியாவே செய்த பகுதியை இரண்டு முறை பார்த்தோம். டிவியில் ஒரு முறை, மறுநாள் மகளின் செல்போனில் ஒரு முறை. “யாரு சோறு போட்டாளோ அவதான் போடணும் வாய்க்கரிசி” என்றார் அத்தை. இதைச் சொன்னவர், தன் கணவரின் காரியத்தின்போது பெண்கள் வாசலைத் தாண்டக்கூடாது என்று என்னை நிறுத்தியவர்.

‘எதிர்நீச்சல்’ பற்றித் தனியாகத்தான் சொல்ல வேண்டும். ‘கோலங்கள்’ எடுத்த திருச்செல்வம் 2022 பிப்ரவரியில் இதை ஆரம்பித்தார். நான்கு அண்ணன் தம்பி, நான்கு மருமகள்கள்: ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. அத்தனை பேரும் படித்தவர்கள், அடுப்படியில் அடைபட்டவர்கள். வீட்டை ஆட்டிப் படைக்கும் மூத்தவர் ஆதி குணசேகரனாக மாரிமுத்து. தேனிப் பக்கத்து மனிதர், ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ படங்களை இயக்கியவர். “ஏய், இந்தாம்மா” என்று அவர் கூப்பிடும் தோரணையில் தமிழ்க் குடும்பங்களின் ஆண் அதிகாரம் முழுதும் இருந்தது. அந்தக் குரலை எங்கேயாவது கேட்காத பெண் இந்த ஊரில் கிடையாது. அதனால்தான் அவரை அவ்வளவு வெறுத்தோம், ஒரு நாள்கூட விடாமல் பார்த்தோம்.

சொத்தில் 40 சதவீதம் பங்குள்ள அப்பத்தா பட்டம்மாளாக வந்தவர் பம்பாய் ஞானம். மும்பையில் பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழுவை நடத்தியவர், ஆண் வேடத்தையும் பெண்களே போடுவார்கள். அவரை அந்த அப்பத்தாவாகப் போட்டது யாருடைய யோசனையோ, நல்ல யோசனை. குணசேகரனின் அம்மா விசாலாட்சியாகச் சத்யப்ரியா. ‘கோலங்கள்’ தொடரில் அபியின் அம்மா கற்பகமாக வந்தவரும் இவர்தான். அன்றைக்கு மகளுக்காகக் கலங்கிய அதே முகம், இப்போது மகன் செய்யும் அநியாயத்துக்கு முட்டுக்கொடுத்தது. “அந்தக் கற்பகமா இப்படி?” என்று அத்தை முதல் வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவரே சொன்னார், “ஆமா, பொண்ணப் பெத்தா ஒரு நியாயம், புள்ளையப் பெத்தா ஒரு நியாயம்.” ஒரு நடிகையை இரண்டு தொடர்களில் இருபது வருட இடைவெளியில் பார்த்தவர் சொன்ன விமர்சனம் அது. நான் படித்த எந்த விமர்சனமும் இதைவிடக் கூர்மையாக இல்லை.

2023 செப்டம்பர் 8 காலை, அந்தத் தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து மாரிமுத்து இறந்தார். அன்று எங்கள் தெருவில் குணசேகரனைத் திட்டாத வீடு இல்லை என்ற நிலை மாறி, மாரிமுத்துவுக்காக அழாத வீடு இல்லை என்றானது. ஏற்கெனவே எடுத்த பகுதிகள் தொடர்ந்து வந்தன. இறந்துபோனவர் திரையில் அதட்டுகிறார், யாருக்கும் திட்ட வாய் வரவில்லை. கதையில் குணசேகரன் காணாமல் போனதாகச் சில வாரம் ஓட்டினார்கள், பிறகு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல எழுத்தாளர், நல்ல நடிகர். ஆனாலும் “இவருக்குப் பதில் இவர்” என்று ஒரு அட்டையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற வழக்கத்தை அந்த ஒரு தடவைதான் பார்க்கிறவர்கள் ஏற்க இவ்வளவு சிரமப்பட்டார்கள்.

2024 ஜூனில் முடிந்த கதை, அந்த டிசம்பரிலேயே ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று திரும்பி வந்தது. ஜனனியாக வேறு நடிகை. குணசேகரன் ஈஸ்வரியைத் தாக்கி, அவள் நினைவில்லாமல் மருத்துவமனையில் கிடந்த வாரங்களில் எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. கோபம்தான். “கேஸ் போடு. சாட்சி நாலு பேரு இருக்கீங்க. இன்னும் என்னத்தப் பேசிக்கிட்டு நிக்கிறீங்க?” என்றார் அத்தை. எதிர்வீட்டு அக்கா செல்போனில் கூப்பிட்டு அதையேதான் சொன்னார். 2002இல் பொறுத்துக்கொள்ளச் சொன்ன அதே இரண்டு பேர்.

தொடர்கள்தான் இவர்களுக்குப் பின்னால் வருகின்றன. பெண்கள் வசனத்தில் அனல் பறக்கப் பேசுகிறார்கள், கதையோ நகர்வதில்லை. வாரத்துக்கு ஆறு நாள் ஓட வேண்டும், வியாழக்கிழமை தோறும் ரேட்டிங் வரும், ஏறினால் இருப்பதையே இழு, இறங்கினால் ஒரு கடத்தலைப் போடு. உண்மையை அறிந்த ஒருவர் சொல்ல வாயெடுக்கும்போது மயங்கி விழுவார், அல்லது கார் மோதும். ‘கயல்’ தொடரில் குடும்பத்தையே தூக்கிச் சுமக்கும் அந்த நர்ஸ் பெண்ணுக்கு எழிலோடு கல்யாணம் என்ற பேச்சு எத்தனை வருடம் தள்ளித் தள்ளிப் போனது! ரோகிணியின் மலேசியா பொய் உடைந்தது, ஆனால் தனக்கு க்ரிஷ் என்று ஒரு மகன் இருப்பதை மறைக்க அதற்குப் பிறகும் எத்தனை வாரம். ‘மகா சங்கமம்’ என்று இரண்டு தொடர்களை ஒரே கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் விட்டால் இரண்டு கதையும் ஒரு வாரத்துக்கு நின்றுவிடுகிறது. இழுப்பது தெரிந்ததும் என் மகள் செல்போனில் தள்ளித் தள்ளி ஐந்து நிமிடத்தில் ஒரு பகுதியை முடித்துவிடுகிறாள். அத்தைக்கு அது பிடிக்காது. மீனாவும் அவள் கணவன் முத்துவும் பேசிக்கொள்கிற இடத்தில் மட்டும் அவளை நிறுத்தச் சொல்வார். அந்த இடங்களில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை, பின்னணி இசை இடிப்பதில்லை. கார் ஓட்டுகிறவனும் பூக்கட்டுகிறவளும் நாள் முடிந்து கணக்குப் பார்க்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். அதை முழுதாகப் பார்க்க எங்களுக்கு அலுப்பே வருவதில்லை.

அதனால் தொடர் எழுதுகிறவர்களையும் எடுக்கிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். உண்மை உடைந்தால் கதை தீர்ந்துவிடும் என்று பயப்படாதீர்கள். உடைந்த மறுநாள் காலை அந்த வீட்டில் யார் யாருக்குக் காபி கொடுக்கிறார்கள், மாமியார் எந்த மருமகள் முகத்தில் விழிக்கக் கூசுகிறார், கேஸ் போட்ட பெண் கோர்ட்டுக்கு எப்படிப் போய் வருகிறாள், விலகி வந்தவள் முதல் மாத வாடகையை எப்படிக் கட்டுகிறாள், இதெல்லாம் யாரும் இன்னும் நிதானமாக எடுத்துக் காட்டவில்லை. எடுங்கள். எங்கள் வீட்டில் அத்தையும் நானும் ஒரு நாள் விடாமல் பார்ப்போம், மகளும் தள்ளாமல் பார்ப்பாள்.